கண் விழிக்க ஆறு ராத்திரி

நான் செய்துகொண்டிருக்கும் சின்ன கேமின் முதல் காட்சி இது. மதியம், பாட்டி வீடு. காய்ச்சலில் தூங்கிப்போன பையன் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறான். கரண்ட் போகிறது. தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல நிற்கிறது. புழுக்கத்தில் அவன் கண் விழிக்கிறான். விளையாடுகிறவர்தான் அந்தப் பையன் என்பதால் திரைதான் அவன் கண். இமை பிரியப் பிரிய, மெட்ராஸ் டெரஸ் கூரையின் உத்திரங்களும் ஃபேனும் முதலில் மங்கலாகவும் பிறகு தெளிவாகவும் தெரிய வேண்டும்.

ஒரு ராத்திரி வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். ஆறு ராத்திரி ஆனது. எஞ்சின், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருள், கோடோ 4. பகலில் வேறு வேலை, சாப்பாட்டுக்குப் பிறகுதான் இது.

முதல் முயற்சி இருபது நிமிடத்தில் முடிந்தது. திரை முழுக்க ஒரு கேன்வாஸ் லேயர், அதாவது காட்சிக்கு மேல் ஒட்டும் தட்டை அடுக்கு. அதில் மேலே ஒரு கறுப்பு கலர்ரெக்ட் (ஒரே நிறம் நிரப்பிய செவ்வகப் பெட்டி), கீழே ஒன்று. அனிமேஷன் பிளேயரில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் நகர்த்தினேன். ஓட்டிப் பார்த்தால் மளிகைக்கடை ஷட்டரைத் தூக்கியது மாதிரி இருந்தது. விளிம்பு நேர்க்கோடு, வெட்டிவைத்த மாதிரி கூர்மை. நம் இமை அப்படி இல்லை. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்: விளிம்பு எங்கே என்றே சொல்ல முடியாது. அது கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் எப்போதும் ஃபோகஸுக்கு வெளியேதான் கிடக்கும். ஓரங்களிலோ இரண்டு இமையும் வளைந்து வந்து சேர்கின்றன.

அதனால் இரண்டு பெட்டிகளையும் தூக்கிப்போட்டுவிட்டு, திரையை மூடும் ஒரே கலர்ரெக்ட், அதற்கு ஒரு ஷேடர் (ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் குட்டி நிரல்) என்று மாறினேன். கணக்கு பள்ளிக்கூடத்துப் பரவளையம்தான். திரையின் அகலத்தில் நடு 0, இடது ஓரம் −1, வலது ஓரம் +1. அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் நடுவில் 0, இரு ஓரத்திலும் 1. அதை 0.25ஆல் பெருக்கி, கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்கிற எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். இமையின் விளிம்பு அந்த இடத்தில் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று வந்துவிடும். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் பிக்சல் தெரியும், வெளியே இருப்பது இருட்டு. விளிம்பு மென்மையாக இருக்க ஸ்மூத்ஸ்டெப், 0இலிருந்து 1க்கு வழுக்கிப் போகும் ஒரு சார்பு. திரையின் உயரத்தை 1 என்று கொண்டால், வெளிச்சம் இருட்டாக மாறும் பட்டை 0.1 அகலம்.

பாதி திறந்த நிலையில் நிறுத்திப் பார்த்தபோது பாதாம் பருப்பு வடிவில் அழகாக இருந்தது. முழுக்க மூடினேன். நடுவில் ஒரு சாம்பல் கோடு.

திறப்பு 0 என்றுதான் வைத்திருக்கிறேன். ஆனால் திரையின் நடுவில், ஒரு சாண் நீளத்துக்கு, கதவிடுக்கில் வெளிச்சம் கசிகிற மாதிரி ஒரு கோடு. மானிட்டர் பிரைட்னஸாக இருக்கும் என்று குறைத்தேன். வளைவின் எண்ணை மாற்றினேன். கறுப்பு நிறம் உண்மையிலேயே கறுப்புதானா என்றுகூடச் சோதித்தேன். ஒரு மணி நேரம் போனபிறகு நோட்டை எடுத்து எண்களைக் கையால் எழுதினேன். சமாசாரம் இதுதான். மென்மைப் பட்டையை விளிம்புக்கு இருபுறமும் பாதிப் பாதியாக, அதாவது −0.05இலிருந்து +0.05 வரை, பிரித்திருந்தேன். திறப்பு 0 என்றால் நடுப்புள்ளியில் விளிம்பும் 0. அந்தப் புள்ளி மென்மைப் பட்டைக்குச் சரி நடுவில் விழுகிறது. ஆகவே பாதி வெளிச்சம். கண் மூட வேண்டுமென்றால் இரண்டு இமையும் தொட்டால் போதாது, ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் ஏறிக்கொள்ள வேண்டும். மூடிய நிலை 0 இல்லை, −0.05.

இதே கணக்கு மறுபக்கமும் கடித்தது. 0.5 வரை திறந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். நடுவில் சரி, திரையின் நான்கு மூலையிலும் இருட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மூலையில் வளைவு 0.25ஐத் தின்றுவிடுகிறது, மென்மை இன்னும் 0.05. மொத்தம் 0.80 வரை திறந்தால்தான் மூலை சுத்தமாகும்.

கண்ணாடி முன் நின்று மெதுவாகக் கண்ணை மூடிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. கீழ் இமை கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. மேல் இமைதான் இறங்கி வந்து உட்காருகிறது. என் ஷேடரிலோ இரண்டும் பாதி வழியில் கை குலுக்கிக்கொண்டிருந்தன. மூடும் கோட்டைத் திரையின் நடுவிலிருந்து இறக்கி, மேலிருந்து 0.62 உயரத்தில் வைத்தேன். இப்போது மேல் இமை 0.92 வரை போக வேண்டும், கீழ் இமைக்கு 0.68 போதும். இந்த எண்களெல்லாம் ஷேடருக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டு, வெளியே 0 முதல் 1 வரை ஒரே ஒரு எண்ணை மட்டும் காட்டினேன். பிற்பாடு கீஃப்ரேம் (எந்த நேரத்தில் எந்த எண் என்கிற குறி) போடும்போது இது எவ்வளவு நிம்மதி என்று தெரிந்தது.

சரி, வடிவம் வந்துவிட்டது. அடுத்தது நேரம். இங்கேதான் கொஞ்சம் அதிபுத்திசாலித்தனம் காட்டிக் கெடுத்துக்கொண்டேன்.

மனிதர் கண் சிமிட்டுவது வினாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை ஆகும் என்று படித்திருந்தேன். நிஜமாகவே அளந்துவிடலாமே என்று அக்கா பையனை ஜன்னலோரம் உட்காரவைத்து, போனில் வினாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்தேன். சும்மா உட்காரச் சொன்னால் சிமிட்டாமல் முறைத்துக்கொண்டே இருந்தான். கதை பேசவிட்டுத்தான் எடுக்க முடிந்தது. ஃபிரேம் ஃபிரேமாக எண்ணினால், மூட 22 ஃபிரேம், திறக்க 50. அதாவது மூடுவது 0.09 வினாடி, திறப்பது 0.21 வினாடி. மூடுவது வேகம், திறப்பது நிதானம். இந்த எண்களை அப்படியே கேமில் போட்டு அவனையே கூப்பிட்டுக் காட்டினேன்.

“மாமா, மானிட்டர் வயர் லூஸா இருக்கா?”

அளவு துல்லியம், பார்க்க மின்வெட்டு. ஏன் என்று யோசித்தபோது பிடிபட்டது. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை சிமிட்டுகிறோம், ஒன்றுகூட நமக்குத் தெரிவதில்லை. இமைக்குக் கட்டளை போகும் அதே சமயத்தில் மூளை பார்வையின் கூர்மையைத் தற்காலிகமாகத் தணித்துவிடுகிறது. அதனால் நடுவில் விழும் இருட்டை நாம் கவனிப்பதே இல்லை. திரையில் நடக்கும் சிமிட்டல் நம்முடையது இல்லையே. மூளை எந்தக் கட்டளையும் அனுப்பவில்லை, எதையும் தணிக்கவில்லை. அந்த 0.09 வினாடி, வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் ஐந்தாறு ஃபிரேம்தான்; அதற்குள் திரை கறுத்துவிடுகிறது. அது கோளாறாகத்தான் தெரியும்.

அதனால் நிஜ வேகத்தைக் கைவிட்டேன். மூடுவதற்கு 0.22 வினாடி, திறப்பதற்கு 0.7. இரண்டு மூன்று மடங்கு மெதுவு. ஆனால் மூடுவது சீக்கிரம், திறப்பது தாமதம் என்கிற விகிதத்தை விடவில்லை. அதைத் திருப்பிப்போட்டும் பார்த்தேன்: மயங்கி விழுகிறவன் கண் மாதிரி ஆகிவிட்டது. அந்த அமைப்பை வேறொரு காட்சிக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.

கடைசியில் நின்ற வரிசையைச் சொல்கிறேன். முதல் 1.2 வினாடி முழு இருட்டு, சத்தம் மட்டும். பிறகு 0.18 அளவுக்கு ஒரு கீற்று, உடனே மூடிக்கொள்கிறது. 0.6 வினாடி இருட்டு. அடுத்து 0.45 வரை திறந்து அரை வினாடி அப்படியே நிற்கிறது, 0.2க்குச் சரிகிறது. பிறகு சோம்பலாக முழுத் திறப்பு. ஒரு வினாடி கழித்து, ‘இப்போது விழித்துவிட்டேன்’ என்பதுபோல ஒரு சின்னச் சிமிட்டல். மொத்தம் ஏழு வினாடிக்குள்.

கீஃப்ரேம்களை க்யூபிக் இன்டர்பொலேஷனில், அதாவது இடைப்பட்ட எண்களை வளைவாக நிரப்பும் முறையில், வைத்திருந்தேன். அதில் ஒரு தமாஷ். 0.45இல் அரை வினாடி நிற்க வேண்டிய இமை நிற்கவில்லை. கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது. இரண்டு கீயிலும் ஒரே எண் இருந்தாலும், க்யூபிக் வளைவு முன்னும் பின்னும் இருக்கும் கீக்களையும் பார்த்துத்தான் பாதையைப் போடும். அதனால் நடுவில் திமில் மாதிரி ஒரு மேடு. பிழைதான், ஆனால் பார்க்க உயிருள்ள இமை கனத்தோடு மல்லாடுவது மாதிரியே இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். மங்கலுக்கான டிராக்கில் மட்டும் அதே வளைவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி வம்பு செய்ததால், அதில் உள்ள கீக்களை லீனியராக, அதாவது நேர்க்கோடாக, மாற்றினேன்.

மங்கல் என்றதும் சொல்ல வேண்டும். ஷேடரில் திரைப் படத்தை மிப்மாப்போடு (படிப்படியாகச் சிறிதாக்கிய பிரதிகளோடு) எடுத்து, சிறிய அளவுப் பிரதியிலிருந்து வாசித்தால் மங்கல் இலவசமாக வரும் என்பது பழைய தந்திரம். வரும்தான், ஆனால் கட்டம் கட்டமாக வரும். உத்திரங்கள் செங்கல் அடுக்கு மாதிரி ஆகிவிட்டன. இரண்டாம் மட்டத்திலிருந்து சுற்றிலும் எட்டுப் புள்ளி எடுத்துச் சராசரி போட்டதும் கட்டம் மறைந்தது. அதோடு, அதே படத்தைப் பக்கவாட்டில் திரை அகலத்தில் 0.012 தள்ளி இன்னொரு முறை வாசித்துப் பாதிப் பாதி கலந்தேன். தூக்கக் கலக்கத்தில் இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் சேராமல் இரட்டையாகத் தெரியுமே, அது. இந்த விலகல் மெதுவாக 0க்கு வரும்போது இரண்டு ஃபேன் ஒரே ஃபேனாகச் சேர்கிறது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த அரை வினாடி அதுதான்.

ஃபேனைப் பற்றி ஒரு கிளைக்கதை. நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்திருந்தேன். ஓட்டினால் ஃபேன் சுற்றவில்லை. பன்னிரண்டு இறக்கையோடு ஆவி மாதிரி நின்றது. 300 சுற்று என்றால் வினாடிக்கு 5, ஃபிரேமுக்கு 30 பாகை. மூன்று இறக்கைக்கு 120 பாகைக்கு ஒருமுறை அதே தோற்றம். ஆக, திரும்பத் திரும்ப நான்கே நிலைகள். கரண்ட் போய் வேகம் குறைய ஆரம்பித்ததும் தானாகவே சரியாகிவிட்டது. முழு வேகத்தில் அது ஓடும் நேரத்தில் எப்படியும் கண் மூடித்தான் இருக்கிறது என்பதால் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை.

மூடிய கண்ணுக்குள் இருட்டு கறுப்பு இல்லை என்பதை நாலாம் ராத்திரிதான் கவனித்தேன், அதுவும் ட்யூப்லைட்டுக்கு நேராகக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது. இமை வழியாகச் சிவப்பு வெளிச்சம்தான் அதிகம் ஊடுருவும். இமை நிறத்தைக் கறுப்பிலிருந்து மிக இருண்ட செம்பழுப்புக்கு மாற்றினேன்: சிவப்பு 0.06, பச்சை 0.015, நீலம் 0.01. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசமே தெரியும். ஆனால் கறுப்பு, திரை அணைந்த மாதிரி இருக்கிறது. இது, உள்ளே யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது.

இதுவரை இமையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். காட்சி நிஜமாகவே பிழைத்தது, இமைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யோசித்தபிறகுதான். அதுவரை ஒவ்வொரு தடவை கண் திறந்தபோதும் அதே கூரை, அதே இடம், அதே வெளிச்சம். ஒரு படத்தின் மேல் திரைச்சீலையை ஏற்றி இறக்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அந்த 0.6 வினாடி இருட்டில் கேமராவை ஜன்னல் பக்கம் 12 பாகை திருப்பிவைத்தேன். அனிமேஷன்கூட இல்லை, நேரடியாக இடம் மாற்றியதுதான். கண் திறந்தால் பையன் தலையைப் புரட்டியிருக்கிறான்! புரண்டதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் புரண்டான் என்று தெரிகிறது. பிறகு ஆசை வந்து, ஒவ்வொரு மூடலுக்குள்ளும் எதையாவது மாற்றினேன். முதல் கீற்றில் படத்தின் வெளிச்சத்தை இரண்டரை மடங்கு ஏற்றி வெளுக்கவைத்தேன். இருட்டுக்குப் பழகி விரிந்திருக்கும் கண்பாப்பா சுருங்கக் கொஞ்ச நேரம் பிடிக்குமே. இரண்டாவது திறப்பில் ஃபேன் வேகம் பாதி. மூன்றாவதில் நின்றேவிட்டது.

எஞ்சினில் தானியங்கி எக்ஸ்போஷர் (காட்சியின் வெளிச்சத்தை அளந்து தானாகக் கூட்டிக் குறைப்பது) இருக்கிறதே, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். அது முப்பரிமாணக் காட்சியை மட்டும்தான் அளக்கும். என் இமையோ அதற்கு மேல் ஒட்டிய கேன்வாஸ். கண் மூடியிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

சத்தத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆடியோ பஸ்ஸில் (சத்தங்கள் சேர்ந்து போகும் தடம்) ஒரு லோபாஸ் ஃபில்டர் (உச்ச ஒலிகளை வெட்டும் வடிகட்டி), 400 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை திறக்க வேண்டும். நேர்க்கோட்டில் ஏற்றினால் பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே 2,360ஐத் தொட்டுவிடுகிறது. கண் மூடியிருக்கும்போதே காக்கா சத்தம் கணீரென்று கேட்கிறது. காது மடங்குக் கணக்கில் கேட்கும் என்பதால் ஏற்றத்தையும் மடங்கில் போட்டேன். பாதி நேரத்தில் 2,800 சொச்சம். கரண்ட் போனதும் ஃபேன் முனகல் இறங்க, அது விட்ட இடத்தில் தெருச் சத்தமும் எங்கோ ஒரு குக்கர் விசிலும் ஏறி வருகின்றன.

கேமராவில் இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். மல்லாந்து படுத்தவன் நேர் மேலே பார்க்கிறான் என்று சாய்வை 90 பாகை வைத்தேன். அந்தக் கோணத்தில் இடம் வலமாகத் திரும்புவதும் தலை பக்கவாட்டில் சரிவதும் ஒரே அச்சாகிவிடும். லேசாகத் தலையை அசைத்தால் கூரை பம்பரமாகச் சுற்றியது. 80 பாகை ஆக்கி, பையனுக்கு ஒரு தலையணை உயரம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். இரண்டாவது அடி, அனிமேஷன் முடிந்து மவுஸ் கைக்கு வரும் கணத்தில் பார்வை தூக்கிப்போட்ட மாதிரி வேறெங்கோ குதித்தது. விளையாடுகிறவரின் பார்வையை நகர்த்தும் பிளேயர் ஸ்கிரிப்ட் தன் கோணத்தைத் தனியாக ஒரு மாறியில் வைத்திருக்கிறது, அதில் இன்னும் 0. அனிமேஷன் விட்ட கோணத்தை அந்த மாறியில் எழுதிவிட்டுக் கட்டுப்பாட்டை ஒப்படைத்ததும் குதிப்பு நின்றது.

அஞ்சாம் ராத்திரி முழுக்க ஒரே ஒரு பிழை. கண் நன்றாகத் திறக்கிறது, நடக்க முடிகிறது, மவுஸை அசைத்தால் தலை மட்டும் திரும்பவில்லை. நேற்று அந்த மாறியைத் தொட்டோமே என்று பிளேயர் ஸ்கிரிப்டைப் பிரித்துப்போட்டு மேய்ந்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் தட்டியது. திரை முழுக்க ஒரு கலர்ரெக்ட் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதன் மவுஸ் ஃபில்டர் இயல்பாகவே ‘ஸ்டாப்’. வருகிற மவுஸ் அசைவையெல்லாம் அதுவே விழுங்கிவிட்டு, பின்னால் இருக்கும் ஸ்கிரிப்டுக்கு ஒன்றும் விடவில்லை. ‘இக்னோர்’ என்று மாற்றினேன், வேலை முடிந்தது. திறந்து முடிந்தபிறகு அந்தப் பெட்டியை மறைத்தும்விட்டேன். இமை தெரியாவிட்டாலும் ஷேடர் ஃபிரேமுக்கு ஒருமுறை திரையை நகலெடுத்துக்கொண்டே இருக்கும், வீண் செலவு.

கடைசி ராத்திரி சில்லறை வேலைகள். படபடவென்று இமை துடிக்கிற மாதிரி ஒரு துண்டு சேர்த்திருந்தேன், அதை எடுத்துவிட்டேன். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் திரை பளிச்சிட்டால், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. இணையத்தளங்களுக்கான அணுகல்தன்மை விதிகளிலும் இந்த எல்லைதான் இருக்கிறது. செட்டிங்ஸில் ‘கண் சிமிட்டல் வேண்டாம்’ என்று ஒரு தேர்வும் வைத்தேன். அதைப் போட்டால் வெறும் மெல்லிய வெளுப்பிலிருந்து காட்சி தெளியும். தவிர, இரண்டாவது திறப்பிலிருந்தே தலையை 15 பாகை வரை அசைக்கவிட்டேன். ஏழு வினாடி கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பொறுமை யாருக்கும் இல்லை.

அக்கா பையனை மறுபடி உட்காரவைத்தேன். ஹெட்போன் மாட்டி, அறை விளக்கை அணைத்தேன். இருட்டு, கீற்று, இருட்டு. இரண்டாவது திறப்பில் ஃபேன் சத்தம் இறங்கியபோது அவன் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கிவிட்டு நிமிர்ந்து எங்கள் வீட்டு ஃபேனைப் பார்த்தான். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“உங்க கேம்லயா கரண்ட் போச்சு?” என்றான். பிறகு, “திரும்ப ஆரம்பிச்சா இதை மறுபடி பார்க்கணுமா மாமா? ஸ்கிப் இல்லையா?”

ஸ்பேஸ் பாரை மூன்று வினாடி அழுத்தினால் தாண்டும்படி வைத்தேன். மூன்று அதிகம் என்றான்; ஒன்றாக்கினேன். அடுத்தது பையன் கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவது. குனிந்து பார்த்தால் கால் தெரிய வேண்டும், இன்னும் கால் மாடல் செய்யவே ஆரம்பிக்கவில்லை.